ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பார்த்தவர்

காலை பதினொன்று இருபது. கடற்கரையில் சவுக்கு மர நிழலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எண்ணிவிட்டு, கைப்பேசியில் மணி பார்த்தேன். ஏழு பிள்ளைகள், ஏழு ஆரஞ்சுச் சட்டைகள். "எல்லாம் இருக்குதுங்க. இன்னும் அரை மணி நேரம் விளையாடட்டும்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, கால் நனைக்கப் போனேன். எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது அந்த எண்ணிக்கையில்தான். எண்ணிக்கை தப்பவில்லை. சரியாக இருந்தது. அதுதான் கேடு.

அதைக் கண்டுபிடித்த பெண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவரை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பதினான்கு நொடி ஓடும் ஒரு வீடியோ. பச்சைச் சேலை கட்டிய நடுத்தர வயதுப் பெண் ஒருவர், ரவிக்கையின் தோள் கிழிந்திருக்க, அழும் பையன் ஒருவனை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். சுற்றிலும் கைகள் நீளும். "பிள்ளை பிடிக்கும் பெண், உஷார்" என்று கீழே எழுதியிருக்கும். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அது எங்கிருந்தோ எழுந்து வருகிறது. இந்த மே மாதம் எங்கள் குடியிருப்புக் குழுவிலேயே வந்தது. அது பொய், நான் பக்கத்தில் நின்றவள் என்று எழுதினேன். ஒருவர் கட்டைவிரல் காட்டினார். இன்னொருவர், "எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுங்க" என்றார். மறுநாள் என் பள்ளி ஆசிரியர்கள் குழுவில் அதே வீடியோ வந்தது.

எனவே அந்தப் பதினான்கு நொடிக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பதை எழுதிவைக்கிறேன். அவர் பெயரை எழுத மாட்டேன். முகம் எல்லோர் கையிலும் போய்விட்டது. பெயராவது அவரிடம் இருக்கட்டும்.

எங்கள் ஊர் மண்ணரையில் என் கணவர் நடத்தும் சின்ன பனியன் கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் ஒவ்வொரு துணியையும் மேசையில் விரித்து, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தையலைப் பார்த்து, குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். நூல் வெட்டும் சின்னக் கத்தரி எலாஸ்டிக் நாடாவில் கழுத்தில் தொங்கும். சேலையெங்கும் நூல் பிசிறு ஒட்டியிருக்கும். குள்ளமான, அகன்ற பாதங்கள் கொண்ட பெண். நிற்கும்போது இரண்டு பாதங்களையும் விரித்து ஊன்றி நிற்பார். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்பவர்களுக்கு வரும் நிற்பு அது. ஆனால் கல்யாண வீட்டிலும் அப்படித்தான் நிற்பார்.

பேக்கிங் ஆட்கள் பெட்டிக்கு இத்தனை பீஸ் என்று எண்ணுவார்கள். அவர்களோடு இவருக்கு ஓயாத சண்டை. "இருபத்தி நாலு இருக்குதுக்கா, எழுதிக்கட்டுமா?" என்று கேட்பார்கள்.

"இருபத்தி நாலு இருக்குது சரி. எந்த இருபத்தி நாலு?" என்பார்.

அவருடைய வாழ்க்கையில் எல்லாமே இந்தக் கேள்விக்குள் அடங்கும். தாராபுரம் பஸ்ஸில் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, கண்டக்டரிடம் கேட்டுவிட்டு, டிரைவரிடமும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். ஓட்டலில் தோசை வந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். ஒருமுறை சட்டையில் பொத்தான் அறுந்தது தெரியாமல் என் கணவர் வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இவர் எதுவும் பேசாமல் போய், முதலாளியின் வயிற்றில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு மேசைக்குத் திரும்பிவிட்டார்.

கட்டிய கணவனை விட்டு வந்தவர். ஏன் என்று யாரோ ஒருத்தி கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"வெளிய நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. உள்ள திருப்பிப் பாத்தேன், ஒரே பிசிறு. ரிஜெக்ட் பண்ணிட்டு வந்துட்டேன்."

சிரித்தோம். அவரும் சிரித்தார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அவரைத் திமிர் பிடித்தவர் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். நானும் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை சரக்கு ஏற்ற லாரி வந்து நிற்கிறது. வாங்கும் கம்பெனியின் ஆள் வந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இவர் மட்டும் ஒரு பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். மதியம் ஒரு மிஷினில் எண்ணெய் சொட்டியதைப் பார்த்தாராம். அந்தத் துணி எந்தப் பெட்டிக்குள் போனதென்று தெரியவில்லையாம். பார்க்காமல் விட மாட்டாராம். என் கணவர் கத்தினார், கெஞ்சினார். கடைசியில் நாற்பது பெட்டிகளைப் பிரித்தார்கள். நானும் போய் மடித்துக் கொடுத்தேன். ஒரு கறைகூட இல்லை. லாரிக்காரர் திட்டிக்கொண்டே போனார்.

"ஒண்ணுமில்லயே! நாள் பூரா வீணாப் போச்சே!" என்று என் கணவர் மேசையைத் தட்டினார்.

"ஒண்ணுமில்லைங்கறது இப்பத் தெரிஞ்சுதுங்கள்ல" என்றார் அவர். முகத்தில் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவர் எப்போதும் சரியாகவே சொல்வார் என்ற நம்பிக்கை எங்களுக்கு இருந்ததில்லை. கடற்கரையில் அந்தச் சவுக்கு மரத்தடியில் அவர் பக்கத்தில் நின்றபோது, ஒன்றுமில்லாமல் பிரித்துப்போட்ட அந்த நாற்பது பெட்டிகள்தான் என் கண்ணுக்குள் நின்றன.

சில வருடங்களுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் கம்பெனி நான்கு நாள் மூடியிருந்தது. ஒரு வேனில் கிளம்பினோம். நாங்கள், என் கொழுந்தனார் குடும்பம், கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரின் குடும்பம், இவர். எல்லோருக்குமாக ஏழு பிள்ளைகள். பெரியவனுக்கு ஒன்பது வயது. சின்னவள் என் மகள். ஐந்து வயது. ஊர் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அங்கே உள்ளவர்கள்மேல் குறைசொல்ல இதை எழுதவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பயணம் போனால் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே மாதிரிச் சட்டை மாட்டிவிடுவோம். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியது ஏதாவது வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அந்த வருடம் என் கணவர் கொண்டுவந்தது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற டீ-ஷர்ட். நெஞ்சில் வெள்ளைத் திமிங்கலம். தலையை மூடிக்கொள்ளச் சட்டையோடு சேர்த்துத் தைத்த குல்லாய். "ஒரு கிலோமீட்டர்ல இருந்து பாத்தாலும் தெரியும். நம்ம புள்ளைக தொலையவே தொலையாது" என்றார்.

இவர் அந்தச் சட்டையைத் திருப்பிப் பார்த்தார். "தையல் நல்லாருக்குதுங்க. ஆனா எல்லாத்துக்கும் ஒண்ணேவா?"

"அதுக்குத்தானக்கா."

"சட்டை தெரியும். புள்ள தெரியுமாங்க?"

"கெளம்பறப்பவே ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று நான் சொன்னேன். என்னுடைய அந்தக் குரல் எனக்கு இன்றும் கேட்கிறது.

காலையில் வெயில் ஏறியதும் பிள்ளைகள் எல்லோரும் குல்லாயை மாட்டிக்கொண்டார்கள். கூட்டமான கூட்டம். ஆரஞ்சு நிறம் தூரத்திலிருந்தே தெரிந்தது. நான் நிம்மதியாக இருந்தேன். பதினோரு மணிக்கு இவர் எழுந்து, மதியச் சாப்பாடு சொல்லிவைத்திருந்த ஓட்டலின் சமையலறையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். "மீனு நேத்ததா இன்னைக்கிதான்னு பாக்கோணும்." கட்டிங் மாஸ்டர் சிரித்தார். இவர் போய்விட்டார். போகும்போது என் மகள் நிழலில் விரித்த போர்வையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதை இவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

பதினொன்று இருபதுக்கு நான் எண்ணினேன். பன்னிரண்டுக்கு வேன் பக்கத்தில் என் கணவர் எண்ணினார். ஏழு. கொழுந்தனார் ஏற்றிவிட்டுக்கொண்டே எண்ணினார். ஏழு. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அப்போதுதான் இவர் ஓட்டலிலிருந்து வந்து கதவை மறித்து நின்றார்.

"இருங்க. நான் பாத்துக்கறேன்."

"மூணு தடவ எண்ணியாச்சுக்கா. பசிக்குது."

காதில் வாங்கவில்லை. உள்ளே ஏறி, பிள்ளை பிள்ளையாகக் குல்லாயைப் பின்னுக்குத் தள்ளி, தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். மேசையில் துணியைத் திருப்புவது போலவேதான். பிள்ளைகள் கூச்சத்தில் நெளிந்தார்கள். கடைசி சீட்டில் மாங்காய்த் துண்டைச் சப்பிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஏழாவது பிள்ளையின் குல்லாயைத் தள்ளியதும் அவர் கை அப்படியே நின்றது.

"நீ யாரு கண்ணு?"

ஒரு பையன். நான்கு, நான்கரை வயதிருக்கும். எங்கள் சட்டை. எங்கள் திமிங்கலம். அவனை நாங்கள் யாரும் வாழ்நாளில் பார்த்ததில்லை.

நான் ஓடினேன். கடலைப் பார்த்துத்தான் ஓடினேன். வேறெங்கே ஓடுவது? இடுப்பு வரை இறங்கி, ஆரஞ்சு நிறம் எங்காவது மிதக்கிறதா என்று பார்த்தேன். மிதந்தால் என்ன செய்வேன் என்று தெரியாமலே பார்த்தேன். என் கத்தலைக் கேட்டு மீனவர்கள் இரண்டு பேர் தண்ணீரில் குதித்துவிட்டார்கள். அவர்களுடைய பெயரும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் நன்றி சொல்லவில்லை.

யாரோ என் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். இவர்தான். புடவை நனைய வந்திருந்தார். அந்தப் பையன் அவர் இடுப்பில் இருந்தான்.

"தண்ணியப் பாக்காதீங்க அம்மிணி. நான் சொல்றதைக் கேளுங்க. ஒண்ணு கொறஞ்சிருந்தா தொலஞ்சு போச்சுன்னு அர்த்தம். கொறயல. ஒண்ணு மாறி வந்திருக்குது. அப்ப நம்மளது மாறிப் போயிருக்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "பாப்பா தூங்கிட்டிருந்தா. இந்தப் பையன் நம்ம புள்ளைககூட விளையாட வந்துட்டான். இவங்க ஊட்டு ஆளு எவரோ, அவசரத்துல, சட்டையப் பாத்துட்டு பாப்பாவத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்களும் எண்ணியிருப்பாங்க. சரியா இருந்திருக்கும். கெளம்பிட்டாங்க. பாப்பா முழிச்சு அழுதாத்தான் அவங்களுக்குத் தெரியும்."

என் கணவருக்கு அப்போதுதான் உறைத்தது. மிச்சமான ஆயிரம் சட்டைகளை அவர் காதர்பேட்டை வியாபாரி ஒருவருக்குத்தான் கொடுத்திருந்தார். போன் போட்டார். "நாலஞ்சு கடைக்குப் பிரிச்சுக் குடுத்துட்டனுங்க. யாரு வாங்கி யாருக்கு மாட்டுனாங்கன்னு நான் எப்படிங்க சொல்றது?" என்றது போன். பையனிடம் கேட்டோம். அப்பா பெயர் என்ன? "அத்தா." ஊர் எது? "எங்க ஊடு." எதில் வந்தீர்கள்? "பெரிய பஸ்ல." அம்மா போன் நம்பர் தெரியுமா? மாங்காய்த் துண்டை வாயில் வைத்துக்கொண்டான். பிறகு உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான்.

என் கணவரும் கொழுந்தனாரும் காவல் நிலையத்துக்கு ஓடினார்கள். கட்டிங் மாஸ்டர் மற்றவர்களையும் பிள்ளைகளையும் ஏற்றி, வேனை எடுத்துக்கொண்டு பஸ்கள் நிற்கும் இடமெல்லாம் தேடப் போனார். நானும் போகத் துடித்தேன். இவர் நகரவில்லை. போர்வை விரித்திருந்த அதே மரத்தடியில், பாதங்களை விரித்து ஊன்றி, பையனோடு நின்றுகொண்டார்.

"இவன எங்கிருந்து விட்டாங்களோ அங்கதான் தேடி வருவாங்க. நம்ம கம்பெனில சைஸ் மாறி ஒரு பீஸ் வந்தா என்ன பண்ணுவோம்? வந்த எடத்துலயே தனியா வெச்சிருப்போம். அங்க இங்க கொண்டுபோனா ரெண்டும் போச்சு. இவன் இங்கயே இருக்கோணும்."

"அக்கா, அவ பீஸ் இல்லக்கா! என் புள்ள!" என்று அலறினேன்.

"அதனாலதான் சாமி நிக்கறேன்" என்றார்.

அழும் பையனையும் அலறும் என்னையும் பார்த்துக் கூட்டம் சேர்ந்தது. நான் மறுபடி தண்ணீர்ப் பக்கம் ஓடியிருந்தேன். என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. திரும்பி வந்தபோது அவரைச் சுற்றி ஐம்பது பேர். கேள்விகள் விழுந்துகொண்டிருந்தன.

"ஏம்மா, யாரு புள்ள இது?"

"தெரியாதுங்க."

"தெரியாத புள்ளைய எதுக்குப் பிடிச்சு வச்சிருக்க?"

"அவங்கம்மா வர்ற வரைக்கும்ங்க."

"அவங்கம்மா யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"பையன் அழுவுறான்ல? விடு அவனை."

"விட மாட்டேனுங்க."

ஒவ்வொரு பதிலும் உண்மை. ஒவ்வொரு உண்மையும் அவரை இன்னும் ஆழமாகப் புதைத்தது. "என் பேரன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கூட்டம் கலைந்திருக்கும். அவருக்கு அது வராது. பின்னாலிருந்து ஒருவன், "பிள்ளை பிடிக்கிறவடா இவ!" என்று கத்தினான். கைப்பேசிகள் மேலே எழுந்தன. அந்தப் பதினான்கு நொடி இங்கேதான் தொடங்குகிறது.

வாட்டசாட்டமான ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "இந்தம்மா உங்க கூட வந்தவங்களா?"

நான் பதில் சொல்லவில்லை.

இதையும் எழுதத்தான் வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயமா? இருந்தது. குழப்பமா? அதுவும் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் என் மனதுக்குள் ஓடியது வேறு. இந்தப் பெண் ஓட்டல் மீனைப் பார்க்கப் போகாமல் இருந்திருந்தால் என் மகள் இருந்திருப்பாள் என்று நினைத்தேன். எண்ணியது நான். கால் நனைக்கப் போனது நான். பழியை மட்டும் அவருக்குக் கொடுத்தேன். மூன்று நான்கு மூச்சு நேரம்தான். அதற்குள் ஒரு கை அவர் முடியைப் பிடித்தது. ஒரு கை தோளில் இழுத்து ரவிக்கை கிழிந்தது. யாரோ முதுகில் அறைந்த சத்தம் கேட்டது. பையனை அவரிடமிருந்து பிடுங்கப் பார்த்தார்கள். அவர் குனிந்து, அவன்மேல் கவிழ்ந்து, அவன் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டார். அடி எல்லாம் முதுகில் விழுந்தது. பாதம் இரண்டும் மணலில் ஊன்றிய இடத்திலிருந்து பெயரவில்லை.

"எங்கக்கா! எங்கக்காங்க அது! தொடாதீங்க!"

கத்தியது நான்தான். எப்படி உள்ளே நுழைந்தேன் என்று தெரியாது. அந்த வாட்டசாட்டமானவரின் கையைக் கடித்தேன் என்று பிறகு சொன்னார்கள். அக்காவை மறைத்து, கைகளை விரித்து நின்றேன். "என் பொண்ணக் காணோம். இந்தப் பையனோட ஆளுங்க கிட்ட இருக்கா. இவங்க புடிச்சு வெச்சிருக்கலைன்னா எனக்கு என் பொண்ணு இல்ல. அடிக்கறதுன்னா என்னை அடிங்க!" அந்தப் பேச்சு வீடியோவில் இல்லை. அதற்குள் அவர்கள் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு போலீஸ்காரர் விசிலோடு வந்தார். வயதானவர், வியர்த்திருந்தார். கூட்டத்தை விலக்கிவிட்டு, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, பையனைக் குடுங்க. ஸ்டேஷன்ல வச்சிருப்போம். அதான் முறை" என்றார்.

"முறை சரிங்க சார். நீங்க கூட்டிட்டுப் போயிட்டா, அவங்கம்மா இங்க வந்து நின்னு பாப்பா. ஒண்ணும் இருக்காது. அவ கடலைப் பாத்துத்தான் ஓடுவா. இந்தம்மிணி ஓடுனாங்கல்ல, அந்த மாதிரி."

"அதுக்கு?"

"நான் இங்கதான் நிப்பேன். எம்மேல நம்பிக்கை இல்லீன்னா நீங்களும் நில்லுங்க."

"என்னம்மா, போலீஸ்காரன நிக்கச் சொல்றியா?"

"நெழல்லயே நில்லுங்க சார். வெயிலா இருக்குது."

அவர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். கிழிந்த தோளையும் கலைந்த முடியையும் கழுத்தில் தொங்கிய கத்தரியையும் பார்த்தார். நிலையத்துக்குப் பேசினார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரத்தடியில் நின்றார். அரை மணி கழித்துப் பையன் ஐஸ் வேண்டும் என்றான். இவர் இடத்தை விட்டு அசைய மாட்டேன் என்றார். போலீஸ்காரர்தான் போய் வாங்கிவந்தார். இவர் அதன் காகிதத்தைப் பிரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

மணி ஒன்று ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. கட்டிங் மாஸ்டர் போன் செய்தார். பஸ் எதுவும் இல்லை. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"வரலைன்னா என்னக்கா பண்றது?"

"வருவாங்க."

"நாப்பது பொட்டியப் பிரிச்சோமே, ஒண்ணுமே இல்லையே. அந்த மாதிரி ஆயிட்டா?"

அந்தக் கேள்வி அவருக்கு வலித்தது. முகத்தில் பார்த்தேன். பையன் ஐஸ் ஒழுகிய கையை அவர் சேலையில் துடைத்தான்.

"தப்பா இருந்தாலும் இருக்கலாம் அம்மிணி. இல்லீன்னு சொல்லல. ஆனா பாக்காம எப்படி விடறது? இந்தப் பையனோட அம்மா நீங்கன்னு வெச்சுக்குங்க. நான் இவன வெச்சிருக்கோணுமா, எங்கயோ குடுத்துட்டுப் போயிருக்கோணுமா?"

நான் எழுந்து அவர் பக்கத்தில் நின்றேன். அவரைப் போலவே பாதங்களை விரித்து ஊன்றிப் பார்த்தேன். நிற்க முடிந்தது.

எல்லாம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு எங்கள் உறவில் ஒருவர், "கம்பெனி ஆளையெல்லாம் கூட்டிட்டுப் போனா இப்படித்தான் ரோட்டுல மானம் போகும்" என்றார். அவருக்கு அன்று என் வீட்டில் காபி கிடைக்கவில்லை. இன்றுவரை இல்லை. வீடியோ மண்ணரைக்கும் வந்தபோது, டீக்கடையில் யாரோ இவரிடமே அதைக் காட்டி, "பாத்தா உங்க சாடையா இருக்குதுக்கா" என்றாராம். "சாடை இல்லீங்க, நானேதான். முழுசாப் பாத்தீங்களா, பாதி பாத்துட்டுப் பேசறீங்களா?" என்று கேட்டுவிட்டு, டீயைக் குடித்து முடித்துத்தான் எழுந்தாராம். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அதே மேசையில் நின்றார். பிறகு வெள்ளகோவிலில் இருந்த தங்கை வீட்டோடு போய்விட்டார். நம்பர் மாறிவிட்டது. இரண்டு முறை தேடிப் போனேன். தங்கை வேறு ஊருக்கு மாறியிருந்தார். அன்று நான் பதில் சொல்லாமல் நின்ற அந்த மூன்று மூச்சுக்கு அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இருந்த காலத்தில் கேட்கத் தைரியம் வரவில்லை.

அன்று இரண்டு பத்துக்குச் சாலையில் ஒரு பெரிய பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் குதித்தார். காலில் செருப்பில்லை. முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. இடுப்பில் ஆரஞ்சுச் சட்டை. மணலில் கால் புதையப் புதைய நேராக அந்த மரத்தைப் பார்த்து ஓடிவந்தார். எங்களோடு நின்ற பையன், "அம்மா!" என்று துள்ளினான். இரண்டு மணி நேரமாக இறுகியிருந்த இவர் கை அப்போதுதான் தளர்ந்தது. அவன் ஓடிப்போய் அந்தப் பெண்ணின் முழங்காலைக் கட்டிக்கொண்டான். அவர் ஒரு கையால் அவன் தலையை அழுத்திக்கொண்டார். மறு கை இடுப்பில் இருந்த பிள்ளையை விடவில்லை.

நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தேன். அந்தப் பெண் ஓர் அடி பின்னால் போனார். என் மகளை மறுபக்க இடுப்புக்கு மாற்றி, என்னிடமிருந்து மறைத்தார். மூச்சு வாங்கியது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"நில்லுங்க. வழியில எத்தனையோ பேரு குடுங்க குடுங்கன்னாங்க, போலீஸ்காரங்க கூடக் கேட்டாங்க, யாருக்கும் தரலீங்க. நீங்கதான் அம்மான்னு இவ வாயால சொல்லட்டும். அதுக்கப்புறம் தர்றேன்."